தெய்வசிகாமணி அட்டையில் பேசிய காலம்

ராயப்பேட்டைச் சாலையில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு ஓடிய நாளில், படங்கள் ஊமையாகவும் அவற்றைப் பார்க்கப் போனவர்கள் வாயாடிகளாகவும் இருந்த நாளில், தெய்வசிகாமணி முதலியார் என்று ஒருவர் இருந்தார். ஊமைப் படங்களுக்குப் பேச்சு எழுதுவது அவருடைய உத்தியோகம், அதைவிடப் பெரிய உத்தியோகம் மதராஸ் பட்டணத்தில் கவர்னருக்குக்கூட இல்லை என்பது அவருடைய எண்ணம். நடிகர்கள் வாயை வாயை அசைத்து முடித்ததும் திரை இருண்டு, பூங்கொடிக் கரை போட்ட கறுப்பு அட்டை ஒன்றில் வெள்ளை எழுத்துகள் வந்து நிற்குமே, தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை என்று நிற்குமே, அந்த எழுத்தெல்லாம் அவர் எழுத்துதான். "கொடியின் உள்ளே இருப்பது என் உயிர்" என்று சொல்லிக்கொள்வார். கேட்டவர்கள் கொடியைப் பற்றித்தான் விசாரித்தார்கள். அதை வரைந்தவர் வேறொருவர்.

அவரை வேலைக்கு வைத்திருந்தவர் ரங்கசாயி நாயுடு. சைக்கிள் உதிரிப் பாகம் விற்றுக்கொண்டிருந்தவர், ஒரு காமிராவை மலிவாக வாங்கிவிட்ட குற்றத்துக்காகப் படம் பிடிக்க ஆரம்பித்தார். நாயுடுவின் படங்களில் யானை வராது; யானை வந்ததாக அட்டை வரும். போர் நடக்காது; 'பதினாயிரம் வீரர் மாண்டனர், குருதி வெள்ளம் கோட்டை வாயிலைத் தொட்டது!' என்று அட்டை வரும், அதற்கடுத்து ராஜா வேட்டி கசங்காமல் நின்றுகொண்டிருப்பார். கதாநாயகனுக்குக் குதிரையைக் கண்டால் நடுக்கம் என்பதால், 'புயலினும் கடுகிப் பாய்ந்தது புரவி!' என்று தெய்வசிகாமணி எழுதினார். நாயகன் ஒரு புளியமரத்தடியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். இப்படி 'மந்திர மோதிரக் கள்ளன்', 'ராஜகுமாரி பங்கஜவல்லி அல்லது தப்பிய தலை' என்று படத்துக்குப் படம், நாயுடு செலவு செய்ய மறுத்ததையெல்லாம் தெய்வசிகாமணி எழுதி நிரப்பினார். தன் எழுத்துக்கு இருந்த வலிமை அது என்று அப்போது நினைத்தார். நாயுடுவுக்கு இருந்த சிக்கனம் அது என்று பிற்பாடு, எல்லாம் நடந்து முடிந்தபிறகு, அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒரே ஒரு முள் அவர் காலில் இருந்தது. அதன் பெயர் பாக்கியநாதன். கொட்டகைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது ஆகையால், திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கையில் கோலும் வாயில் தகரக் குழலுமாக நின்று அட்டையைப் படித்துச் சொல்வது வழக்கம். அந்த ஆள்தான் பாக்கியநாதன். 'காலமெனும் கொடுஞ்சக்கரம் மும்முறை சுழன்று ஓய்ந்தது!' என்று தெய்வசிகாமணி இராப்பகலாக யோசித்து எழுதியிருப்பார். பாக்கியநாதன் கோலால் திரையை ஒரு தட்டுத் தட்டி, "மூணு வருசம் ஓடிப்போச்சு நைனா!" என்பான். கொட்டகை கைதட்டும். 'ஓ! பிராண நாயகி! நின் பிரிவெனும் தீயில் யான் கருகுகின்றேனே!' என்று எழுதியிருக்கும். "உன்னப் பாக்காம சோறு எறங்கலமே" என்பான். கொட்டகை அழும்.

"நான் எழுதியதைப் படிடா பாவி!" என்று தெய்வசிகாமணி ஒருநாள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நீங்க எழுதினதைப் படிச்சா ஜனங்க எழுந்து பூடுவாங்க ஐயா" என்றான் அவன், மரியாதையாக.

இந்த நிலையில்தான் பேசும் படம் வந்தது. "பேசட்டும், பேசட்டும், ரெண்டு மாசம் பேசினால் அதற்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்" என்று நாயுடு ஆபீசில் தெய்வசிகாமணி அடித்துச் சொல்லிவிட்டு, அதன் லட்சணத்தைப் பார்த்துவிட்டு வரலாமென்று பகல் ஆட்டத்துக்குப் போனார். படத்தில் ராஜா பேசினார், ராணி பாடினாள், மந்திரி பாடினான், சேவகன் பாடினான், கத்திக்குத்துப்பட்டவன் செத்தபின்னும் ஒரு சரணம் பாடினான். அட்டை ஒன்றுகூட வரவில்லை. ஆட்டம் முடிந்து வெயில் சாய்கிற நேரத்துக்கு வெளியே வந்த தெய்வசிகாமணி, ஒரு குதிரை வண்டியை நிறுத்தி ராயப்பேட்டைக்குப் போகவேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் மார்புக்கு நேராக, காற்றில், பூங்கொடிக் கரை போட்ட கறுப்பு அட்டை ஒன்று வந்து நின்றது. அதில் வெள்ளையாக, 'ஓ சாரதியே! இராயப்பேட்டை எனும் திருநகர் நோக்கி நின் புரவியைச் செலுத்துவாயோ!' என்று எழுதியிருந்தது.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "எனக்கு எழுத்து தெரியாது சாமி. எங்க போணும், வாயால சொல்லு" என்றார்.

மறுபடி ஓர் அட்டை வந்தது. அந்த வழியாகப் போன காலேஜ் மாணவன் ஒருவன் நின்று படித்து, "ராயப்பேட்டை போகணுமாம்" என்று சொல்லிவிட்டு, அட்டையில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனான். அட்டை தெலுங்குக்கு மாறியது, இங்கிலீஷுக்கு மாறியது, அதன்பின் மறைந்தது. குதிரை மட்டும் ஒரு தடவை தும்மியது.

அன்றிலிருந்து தெய்வசிகாமணிக்குக் குரல் கிடையாது, அட்டைதான். ராயப்பேட்டைச் சந்துக்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றால், குழாயில் தண்ணீர் ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை வந்தால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படி எடுத்துக்கொண்டார்கள்: முதல் நாள் வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் அதற்கொரு உபயோகம் கண்டுபிடித்தார்கள், மூன்றாம் நாள் ஏன் இன்னும் கொஞ்சம் வரக்கூடாது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது, இங்கிலீஷ் ஸ்பெல்லிங்தான் மோசமாக இருக்கிறது என்றார். எதிர்வீட்டுத் தமிழ்ப் பண்டிதர் காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து அட்டையைப் பார்த்து, "இங்கே ஒற்று மிகும்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒற்றைத் தவிர மற்ற விஷயங்களில் அவர் தலையிடுவதில்லை. தெலுங்குக்காரரான பால்காரர், தமிழ் அட்டை போகும்வரை செம்பை வைத்துக்கொண்டு பொறுமையாக நின்று, தன் பாஷை வந்ததும் படித்துக்கொண்டு பதில் சொல்வார். போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து, பொது இடத்தில் காட்டுகிற அட்டை எதுவானாலும் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்படியே ஆகட்டும் என்று தெய்வசிகாமணி ஓர் அட்டை போட்டார். அந்த அட்டைக்கு அனுமதி இல்லை என்பதைக் கவனித்த இன்ஸ்பெக்டர், கொஞ்சநேரம் மீசையைத் தடவி யோசித்துவிட்டு, பார்க்காததுபோல் போய்விட்டார்.

எழுத்துகளிலிருந்து வெளிச்சம் வேறு வந்தது, பால் போன்ற வெளிச்சம். அதைக் கண்டுபிடித்தவர்கள் பக்கத்துக் குடித்தனத்துப் பெண்கள். மாலையில் விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் முறத்தை எடுத்துக்கொண்டு தெய்வசிகாமணி வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

"அண்ணே, இன்னிக்கு அரிசியில கல்லு அதிகமா இருக்கு. நீளமா எதனா சொல்லுங்களேன்" என்பார்கள்.

பேசும் படத்தைப் பற்றி அவர் அபிப்பிராயம் என்ன என்று யாராவது ஒருத்தி கேட்டுவிட்டால் போதும், அட்டைக்குமேல் அட்டையாக வரும், முறத்தில் ஒரு கல் மிஞ்சாது. மதராஸில் தன் எழுத்தின் ஒளியில் அரிசி பொறுக்கப்பட்ட ஒரே கதாசிரியர் தான்தான் என்று அவர் பின்னாளில் பெருமைப்பட்டுக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு அது அவமானமாக இருந்தது.

இதிலெல்லாம் கஷ்டப்பட்டது ஒரே ஒரு ஆள், அவர் மனைவி கனகாம்புஜம். அவளுக்கு எழுத்து தெரியாது. அவள் பிறந்த வீட்டில் அவளை அம்புஜம் என்று கூப்பிட்டார்கள். தெய்வசிகாமணி "இந்தா" என்று கூப்பிட்டார். பட்டணம் முழுக்கக் காதலிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தவருக்கு வீட்டில் இருந்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நேரம் கிடைக்கவில்லை. இப்போது அந்த "இந்தா"வும் போயிற்று. கறுப்பாக ஒன்று குறுக்கே வந்து நிற்கும், அவள் அதைச் சுற்றிக்கொண்டு வந்து, "என்னங்க வேணும்?" என்பாள். இன்னொரு கறுப்பு வரும். தண்ணீர் கேட்டுக் குடையும், குடை கேட்டுத் தோசையும் வாங்கிக்கொண்டிருந்தார் அவர்.

அப்போதுதான் பாக்கியநாதன் ஒருநாள் வாசலில் வந்து நின்றான். கொட்டகையில் இனி படிக்கிறவன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். ஐயா எங்கேயாவது சொல்லி வைக்க முடியுமா என்று கேட்க வந்தானாம். தெய்வசிகாமணிக்கு ரத்தம் கொதித்தது. அட்டை வந்தது: 'ஓ! என் காவியங்களைக் கொன்ற கயவனே! எம் முகத்தில் விழிக்க எங்ஙனம் துணிந்தாய்!'

பாக்கியநாதன் பழக்கதோஷத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, கையை வாய்க்குக் குழல்போல் வைத்துக்கொண்டு, உரக்கச் சொன்னான்: "வாப்பா பாக்கியம், பேச்சுத் தொணைக்கு ஆளில்லாம கஷ்டமாக்கீது, ஒக்காருங்கறாரு!"

உள்ளேயிருந்து கனகாம்புஜம் ஓடிவந்தாள். "உனக்கு இதைப் படிக்கத் தெரியுமா?"

"பொழப்பே அதானேக்கா."

"நாளையிலேர்ந்து இங்க வந்துடு. ரெண்டு வேளை சாப்பாடு."

தெய்வசிகாமணி அட்டைமேல் அட்டையாகப் போட்டார். "ரொம்ப நல்லதுங்கறாரு" என்றான் பாக்கியநாதன்.

இப்படியாக, தன் எழுத்தைக் கொன்றவனைத் தன் வீட்டிலேயே சோறு போட்டு வைத்துக்கொள்ளும்படி ஆயிற்று அவருக்கு. சாப்பாட்டு வேளையில் இலைக்கு எதிரே அவன் உட்கார்ந்திருப்பான். 'ஓ! உவர்ப்பை மறந்த குழம்பே! உன்னை உண்பதினும் உபவாசம் உத்தமம் அன்றோ!' என்று அட்டை வரும். "அம்புஜம், கொழம்பு நல்லாக்கீது. ஒரு கல்லு உப்பு போட்டா இன்னும் தூக்கும்ங்கறாரு" என்பான். அம்புஜம்! அந்தப் பெயரை அவன் எங்கே பிடித்தான் என்று தெரியவில்லை. அவளுடைய அம்மா ஒருநாள் வந்து கூப்பிட்டபோது கேட்டிருப்பான். கனகாம்புஜத்தின் கை கரண்டியோடு ஒரு கணம் நின்றது. அவள் ஓர் உப்புக்கல்லைக் குழம்பில் போட்டுக் கலக்கினாள், இன்னொரு கரண்டி ஊற்றினாள், அன்றைக்கு மோருக்கு இஞ்சி தட்டிப் போட்டாள்.

'ஓ! ஒழுக்கமற்ற சட்டையே! பொத்தானிழந்து புலம்புகின்றனையே!' என்று அவர் சீறினால், "அம்புஜம், நேரம் கெடச்சா ஒரு பொத்தான் தெச்சுக் குடு, இல்லன்னா நாளைக்குப் பாத்துக்கலாம், நீ சும்மா ஒக்காருங்கறாரு" என்று வரும். அவள் அப்போதே ஊசியை எடுப்பாள். மாலையில் தலைக்குப் பூ வைக்க ஆரம்பித்தாள். வெற்றிலையை மடித்துக் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். சில சமயம் தனியாக அடுப்படியில் பாடினாள். தெய்வசிகாமணிக்கு வயிறும் நிறைந்தது, வயிற்றெரிச்சலும் நிறைந்தது. கல்யாணமான நாளாக அவருக்குக் கிடைக்காத பிரியமெல்லாம் இப்போது கிடைத்தது, அவர் எழுதாத வசனத்துக்காக. இதை அவளிடம் சொல்லிவிடலாம் என்றால் சொல்வதற்கு இருந்த ஒரே வாய் பாக்கியநாதனின் வாய். ஒருநாள் துணிந்து அட்டை போட்டார்: 'இவன் இயம்புவது எதுவும் யான் இயம்பியதன்று!'

பாக்கியநாதன் கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாக, குழலில்லாமல், "நெனைக்கறதையெல்லாம் சொல்ல வரமாட்டேங்குதே அம்புஜம், அப்பிடின்னு வருத்தப்படறாரு" என்றான்.

கனகாம்புஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் தெய்வசிகாமணியை அன்று முழுவதும் வாட்டியது.

இதற்கிடையில் ரங்கசாயி நாயுடு பேசும் படம் எடுக்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணி போய் நின்றார்.

"மொதலியார், எனக்கு இப்ப எழுதறவன் வேணாம், பாடறவன்தான் வேணும்" என்றார் நாயுடு. "அம்பது பாட்டு கேக்கறான்யா கொட்டகைக்காரன். உன் அட்டை பாடுமா?"

பாடாது என்று அட்டை வந்தது, நீளமாக. நாயுடு அதைப் படிக்கவில்லை. அட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்து, அதற்குள் கையை விட்டு எடுத்து, சைக்கிள் கடைக்காரக் கண்ணால் அதை அளந்தார். "மூர் மார்க்கெட் பக்கம் டிசம்பர்ல கண்காட்சி போடறாங்களே, அங்க ஒரு கூடாரம் பிடிச்சுத் தர்றேன். நீ நின்னா போதும். நடமாடும் ஊமைப் படம்னு போர்டு மாட்டிடலாம்."

தெய்வசிகாமணிக்குத் தன்மானம் உண்டு. ஆனால் அதைச் சொல்ல நான்கு அட்டை தேவைப்பட்டது, நாயுடுவோ முதல் அட்டையிலேயே கூடாரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது பாக்கியநாதன், "கண்காட்சிக்குப் போலாமா அம்புஜம், உனக்கு வளையல் வாங்கித் தர்றேங்கறாரு" என்றான். அவள் அரக்குப் புடவையை எடுத்து உடுத்திக்கொண்டாள்.

டிராம் வண்டியில் மூன்று பேரும் ஏறினார்கள், கனகாம்புஜம் ஜன்னல் ஓரம், அவள் பக்கத்தில் தெய்வசிகாமணி, எதிரே பாக்கியநாதன். நல்ல வெயில். வண்டி மவுண்ட் ரோடில் திரும்பியதும் கனகாம்புஜம் திடீரென்று எழுந்து நின்றாள்.

"அதோ பாருங்க! எம்பேரு! எம்பேரைப் போட்டிருக்கான்!"

அவள் காட்டிய இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் நெற்றியில் பெரிய சிவப்பு எழுத்தில் 'ஓட்டல்' என்று போட்டிருந்தது.

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் குனிந்து பார்த்தார். "அது ஓட்டலும்மா."

"முதல் எழுத்தைப் பாருங்க. அது எம்பேருதானே? அம்புஜம். எனக்குத் தெரியும். இவரு எதைச் சொன்னாலும் முதல்ல அந்த எழுத்தைத்தான் போடுவாரு. இத்தனை நாளா பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்." அவள் முகம் சிவந்திருந்தது; ரகசியமாக ஒரு வித்தை கற்றுக்கொண்டு, சரியான நாள் பார்த்துக் காட்டுகிறவளின் முகம். "வர்ற வழியில சோடாக் கடையிலகூட இருந்துச்சு, நான்தான் சொல்லலை."

"அது 'ஓ'ம்மா" என்றார் கண்டக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஓன்னு அழறோமே, அந்த ஓ. அம்புஜத்துக்கு அது எங்க வருது?" என்று சொல்லிவிட்டு, டிக்கெட் டிக்கெட் என்று பின்பக்கம் போய்விட்டார்.

கனகாம்புஜம் உட்கார்ந்தாள். பாக்கியநாதனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். தெய்வசிகாமணிக்குத் தான் இதுவரை எழுதியிருந்த ஓ எல்லாம் ஒரே சமயத்தில் தொண்டைக்கு வந்து அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. குழம்பைப் பார்த்துச் சொன்ன ஓ, சட்டையைப் பார்த்துச் சொன்ன ஓ, யாரோ ஒரு ராஜகுமாரியைப் பார்த்துச் சொன்ன ஓ. அத்தனையையும் இவள் தன் பெயர் என்று நினைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். அவர் வாயைத் திறந்தார். அட்டை வந்தது. கொடி இல்லை, கரை இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. நடுவில் ஒரே ஒரு சொல்: அம்புஜம்.

"இது என்ன?" என்றாள் அவள். அந்த எழுத்துகளை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

பாக்கியநாதன் நிமிர்ந்தான். "அம்புஜம்ங்கறாருக்கா."

"நீ எதுக்குத்தான் அம்புஜம்னு சொல்லலை?" என்றாள் அவள். "இத்தனை நாளா என்கிட்ட பேசினது யாருடா?"

 அட்டை தெலுங்குக்கு மாறாமல், இங்கிலீஷுக்கு மாறாமல், காற்றில் அப்படியே நின்றது. வண்டி நின்றதும் அவள் அதைப் பார்க்காமல் அதற்குள்ளேயே நடந்து இறங்கிப் போய்விட்டாள். அவள் பின்னால் அவர் இறங்கினார், அவர் பின்னால் அவன். மவுண்ட் ரோடிலிருந்து ராயப்பேட்டைவரை மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வெயிலில் நடந்து வந்ததை, அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் ஏதோ கம்பெனி விளம்பர ஊர்வலம் என்று நினைத்து எழுந்து பார்த்தார்கள். கண்காட்சிக் கூடாரத்தில் நாயுடு அன்றைக்கு ஒரு பேசும் கிளியை நிறுத்தினார். நல்ல கூட்டம் என்று கேள்வி.

வீட்டில் அதன்பின் இருந்த ஊமைத்தனம் எந்தப் படத்திலும் இருந்ததில்லை. கனகாம்புஜம் சமைத்தாள், பரிமாறினாள், வாசலிலேயே உட்கார்ந்திருந்த பாக்கியநாதனுக்கும் தட்டை நகர்த்தி வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. தெய்வசிகாமணியும் பேசவில்லை, இருட்டிப்போன முற்றத்தைப் பார்த்துப் பக்கத்துப் பெண்கள் முறத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானங்களில் அவள் எங்கோ போய்வந்தாள். அடுத்த தெருவில் மிஷன் பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சர், கல்யாணமான பெண்களுக்கென்று எழுத்து சொல்லிக்கொடுக்கிறார் என்று பால்காரர் ஒருநாள் தெலுங்கில் சொன்னார். அவள் புடவைத் தலைப்புக்குள் சதுரமாக ஒன்று புடைத்துக்கொண்டிருப்பதைத் தெய்வசிகாமணி பார்த்தார். சிலேட்டுப் பலகை.

பனி வந்து போயிற்று, மாங்காய் வந்தது. ஒருநாள் காலை அவர் தன்னையறியாமல் அட்டை போட்டுவிட்டார். அவள் ஒதுங்கிப் போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதன் எதிரில் நின்றாள்.

"ஓ... கா... பி... யெ... னு... ம்... காபியெனும்... அ... மு... தே..." வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அட்டை தன் நேரம் முடிந்தும் மறையாமல் காத்திருந்தது. "எ... ங்... கு... ஒளித்தனை நின் வதனம். இவ்வளவுதானா?" திரும்பி அவரைப் பார்த்தாள். "காபி வேணும்னா காபி வேணும்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு? இதுக்கா பட்டணத்துல சம்பளம் குடுத்தாங்க?"

இத்தனை படம் எழுதியும் அவருக்குக் கிடைக்காத விமரிசனம் அது. காபி தாமதமாகத்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் திருத்தி எழுதினார். ஒரு சொல்லை வெளியே விடுமுன் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்ப்பார். பாதிச் சொற்கள் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். 'உப்பு குறைவு' என்று ஒரு நாள் அட்டை வந்தபோது, அதில் ஒரு குறையும் காண முடியாத பண்டிதர் வருத்தத்தோடு வீடு திரும்பினார். ஓ போயிற்று, கரை போயிற்று, கொடி ஒவ்வோர் இலையாக உதிர்ந்து போயிற்று. ஒரு மாலை அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது, டிராமில் வந்த அதே அட்டை மறுபடி வந்தது. அவள் அதைப் படித்தாள். சீப்பை வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

"அன்னிக்கும் இதுதானா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப அவன் அன்னிக்குப் பொய் சொல்லலை" என்றாள் அவள், யோசனையாக.

மறுநாள் பாக்கியநாதன் சாப்பிட வந்தபோது அவள் பலகையை எடுத்து, பெரிய எழுத்தில் ஏதோ எழுதி அவன் முன்னால் நீட்டினாள். "படி."

பாக்கியநாதன் பலகையை ஒரு கணம் பார்த்தான். பிறகு வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தான்.

"பாக்கியம், கோவமெல்லாம் போயிடுச்சு, சாப்புட்டுப் போன்னு எழுதியிருக்கீங்கக்கா."

பலகையில் 'பொய்யன்' என்று எழுதியிருந்தது.

கனகாம்புஜம் பலகையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "உனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் மெதுவாக.

அவன் தலை குனிந்தான். "எந்த ஊர்லக்கா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க? கொட்டகையில அட்டைய நான் பாத்ததே இல்ல. அது வர்றதுக்கு முன்னால ஆளுங்க மூஞ்சியப் பாத்துக்குவேன். தாடி வளந்திருந்தா மூணு வருசம். கண்ணு கலங்கியிருந்தா சோறு எறங்கல. இங்கயும் அதான். ஐயா மூஞ்சியில இன்னா இருந்துச்சோ அதைச் சொன்னேன். இட்டுக்கட்டத் தெரியாதுக்கா எனக்கு."

இலையின் எதிரே உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணி, எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். அவர் எழுதிய அத்தனை வரியையும் வரிவரியாகக் கொன்றவன் என்று யாரைச் சபித்துக்கொண்டிருந்தாரோ, அவன் ஒரு வரியைக்கூடத் தொட்டதில்லை. ஒரு கொட்டகை முழுக்க ஜனம், வருஷக்கணக்காக, அதில் அவரை ஒருவர்கூடப் படித்திருக்கவில்லை. படிக்கச் சம்பளம் வாங்கினவனும் படிக்கவில்லை. இது எவ்வளவு பெரிய அவமானம் என்று அளந்து பார்த்து ஓர் அட்டை போட முயன்றார். வந்த அட்டையில், 'நல்லவேளை' என்று மட்டும் இருந்தது.

கனகாம்புஜம் அதைப் படிக்கவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசும்போதெல்லாம் இத்தனை நாளும் கறுப்பாக ஒன்று நடுவில் நின்றது, அவள் அதைப் பார்த்தாள். அதற்கு முன்னால் அவர் குரல் நின்றது, அவள் அதைக் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். மூக்கின் ஓரத்தில் ஒரு மச்சம் இருந்தது. அது அவளுக்குப் புதிது.

"பாக்கியம், நீ சாப்பிடு. சாதம் ஆறுது" என்றாள்.

அவன் சாப்பிட்டுவிட்டுப் போனபின், அவள் பலகையை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நெடுநேரம் எழுதினாள். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட ஐயரிடம் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொல்வாள். கையால் எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எழுதத் தெரிந்தவள் அந்தச் சந்தில் இருந்ததில்லை. பலகையை அவர் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

தெய்வசிகாமனி, என்று எழுதியிருந்தது.

அவருடைய ஆள்காட்டி விரல் தானாக எழுந்து அந்த னகரத்தின்மேல் போயிற்று. ஓர் ஒற்று விட்டுப்போனதற்காக அச்சுக்கூடத்து வாசலில் நின்று சண்டை போட்டவர் அவர். விரல் எழுத்தின்மேல் கொஞ்சநேரம் நின்றது. பிறகு அதை மடக்கிக்கொண்டார்.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள் அம்புஜம்.

அவர் தலையை ஆட்டினார்.

அவள் பலகையை வாங்கி, அதற்குக் கீழே, அதே தப்போடு, இன்னும் பெரிதாக இன்னொரு தடவை எழுதினாள்.